சைனிக் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்...

புது தில்லி:

நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களில் அடிக்கடி எழும் கேள்விகளில் ஒன்று, "எங்கள் பகுதிக்குச் சைனிக் பள்ளி எப்போது வரும்?" என்பது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் இதை எழுப்புகின்றனர். பாதுகாப்புத் துறையின் பதிலும் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே அமைகிறது. எத்தனை பள்ளிகள், எத்தனை இடங்கள், எந்தெந்த மாநிலங்கள் என்ற அளவில் விவாதம் முடிந்துவிடும்.

தேர்வு முடிவு வந்து, கறுப்பு இரும்புப் பெட்டியின் மேல் பிள்ளையின் பெயரும் எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்படும் நாளில் ஒரு வீட்டில் எழும் கேள்விகள் வேறு. இது பிள்ளையின் விருப்பமா, தந்தையின் நிறைவேறாத ஆசையா? ஏழு ஆண்டு விடுதி வாழ்க்கையின் முடிவில் ராணுவத்தில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? நடுவில் அவன் திரும்பி வர விரும்பினால் வீடு அதை எப்படி ஏற்கும்? இக்கேள்விகளை அவையில் எவரும் கேட்க முடியாது. குடும்பம்தான் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேனனின் திட்டம்: சைனிக் பள்ளிகள் 1961-இல், வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டன. ராணுவ அதிகாரிகள் சில மாநிலங்களிலிருந்தும் வசதி படைத்த சில பிரிவினரிடமிருந்தும் மட்டுமே வந்துகொண்டிருந்த நிலையை மாற்றுவது நோக்கம். முதல் பள்ளி மகாராஷ்டிரத்தின் சதாராவில் அமைந்தது. தமிழகத்தில் உடுமலைப்பேட்டை அருகேயுள்ள அமராவதிநகரில் 1962-இல் தொடங்கப்பட்டது. இவ்வாறு நாடு முழுவதும் 33 பள்ளிகள் உருவாயின. ஆங்கில வழியில் மத்திய பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் இப்பள்ளிகளின் முதல்வர், துணை முதல்வர் போன்ற பொறுப்புகளில் ராணுவ அதிகாரிகள் இருப்பர்.

இவற்றுக்கு முன்பே, 1922-இல் டேராடூனில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய இந்திய ராணுவக் கல்லூரி இருக்கிறது. பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் இதுவும் பள்ளிதான். எட்டாம் வகுப்பில், பதினொன்றரை வயது முதல் பதின்மூன்று வயதுக்குள் சேர வேண்டும். இதற்கான தேர்வைத் தமிழகத்தில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. சைல், ஆஜ்மீர், பெலகாவி, பெங்களூரு, தோல்பூர் ஆகிய ஐந்து ஊர்களில் ராஷ்ட்ரீய ராணுவப் பள்ளிகளும் உள்ளன. பெற்றோர் இம்மூன்றையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவது உண்டு. நிர்வாகம், தேர்வு, வயது வரம்பு ஆகியன மூன்றுக்கும் தனித்தனியானவை.

தேர்வும் மொழியும்: சைனிக் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயதுக்குள்ளும், ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வயதுக்குள்ளும் உள்ளவர்கள் சேரலாம். தேசிய தேர்வுகள் முகமை நுழைவுத் தேர்வை நடத்துகிறது. ஆறாம் வகுப்புத் தேர்வின் 300 மதிப்பெண்களில் பாதி, அதாவது 150, கணிதத்துக்கு உரியது. இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறும்.

தமிழில் தேர்வெழுதி வெற்றி பெறும் சிறுவன், சேர்ந்த முதல் நாளிலிருந்தே எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது. தேர்வுக்கும் சேர்க்கைக்கும் இடைப்பட்ட மாதங்களை இதற்குப் பயன்படுத்தலாம். நாளும் ஒரு பக்கம் ஆங்கிலம் படிப்பதும், தனக்கு வேண்டியதைத் தயங்காமல் ஆங்கிலத்தில் கேட்கப் பழகுவதும் போதுமானவை. இலக்கணத்தில் தேர்ச்சி பின்னர் வரும்.

எழுத்துத் தேர்வை அடுத்து மருத்துவப் பரிசோதனை உண்டு. இதில் பெற்றோர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டுவது. நிறக்குருடு, தட்டைப் பாதம், முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும் கால் அமைப்பு, செவித்திறன் குறைவு ஆகியன பின்னாளில் ராணுவச் சேர்க்கைக்குத் தடையாகக் கூடியவை. நிறக்குருட்டைக் கண்டறியச் சில நிமிடங்கள் போதும். விமானி ஆக வேண்டும் என்ற கனவை ஏழு ஆண்டுகள் வளர்த்துவிட்டு, பதினேழாவது வயதில் இதைக் கேட்டறியும் இளைஞனின் ஏமாற்றம் எளிதில் ஆறாது.

இட ஒதுக்கீடும் செலவும்: இடங்களில் 67 சதவீதம் பள்ளி அமைந்துள்ள மாநிலத்தவருக்கு உரியது. தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கப்படுகின்றன. 2021-22 கல்வியாண்டு முதல் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மீதியுள்ள இடங்களில் ராணுவத்தினர், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனிப் பங்கு உண்டு.

எனினும், இடம் கிடைத்த பின் கட்டணம் என்ற தடை காத்திருக்கிறது. விடுதி, உணவு, சீருடை அனைத்தும் சேர்ந்து நடுத்தரக் குடும்பத்துக்கும் சுமையாகும் தொகை அது. பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. ஆனால், அது வரும் வரை முதல் தவணையைக் குடும்பமே கட்ட வேண்டியிருக்கலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. சேர்க்கையின்போது கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரத்தையும், பாதியில் விலகினால் எந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற விதியையும் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

புதிய பள்ளிகள்: தொண்டு நிறுவனங்கள், தனியார் பள்ளிகள், மாநில அரசுகள் ஆகியவற்றுடன் கூட்டாக 100 புதிய சைனிக் பள்ளிகளை ஏற்படுத்த 2021 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இப்பள்ளிகளை நடத்தும் பொறுப்பு எந்த அமைப்புகளுக்கு வழங்கப்படுகிறது என்பது 2024-இல் அரசியல் சர்ச்சையானது. எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. அரசு அதை மறுத்தது.

அந்தச் சர்ச்சை ஒருபுறமிருக்க, பெற்றோர் அறிய வேண்டிய நடைமுறை வேறுபாடு ஒன்றுண்டு. பழைய 33 பள்ளிகளும் முழுமையான விடுதிப் பள்ளிகள். 2022 மார்ச்சில் முதலில் அனுமதி பெற்ற 21 புதிய பள்ளிகளில் 7 பள்ளிகள் விடுதி இல்லாத பகல் நேரப் பள்ளிகள். புதிய பள்ளிகளின் கட்டணமும் வசதியும் இடத்துக்கு இடம் மாறும். மத்திய அரசின் கட்டண உதவி ஆண்டுக்கு அதிகபட்சம் 40 ஆயிரம் ரூபாய். அதுவும் வகுப்பில் பாதிப் பேருக்கே கிடைக்கும். பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், பள்ளிக்கு நேரில் சென்று விடுதியையும் உணவுக்கூடத்தையும் பார்த்து வருவது அவசியம்.

பெண் பிள்ளைகள்: 2018-19-இல் மிசோரத்தின் சிங்சிப் சைனிக் பள்ளியில் சோதனை முறையில் மாணவியர் சேர்க்கப்பட்டனர். 2021-22 முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பில் மாணவியருக்கு இடம் அளிக்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, தேசிய பாதுகாப்பு அகாதெமித் தேர்வைப் பெண்களும் எழுத வழி திறந்தது. அவ்வாண்டுத் தேர்வுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் விண்ணப்பித்தனர். தேர்வானவர்கள் 19 பேர். 2025 மே 30-ஆம் தேதி கடக்வாஸ்லாவில் நடைபெற்ற அணிவகுப்பில் 17 பெண்கள் பயிற்சியை நிறைவு செய்து வெளியேறினர். டேராடூன் கல்லூரியிலும் 2022 முதல் மாணவியர் சேர்க்கப்படுகின்றனர்.

"பெண்ணை எப்படித் தனியே அனுப்புவது?" என்று தயங்கும் வீடுகளில் இந்த 17 பேர் பற்றிய செய்தி ஒரு பதிலாக அமையக்கூடும். அதே வேளையில், மாணவியர் விடுதியின் பொறுப்பாளர் யார், இரவில் உடல்நலக் குறைவு ஏற்பட்டால் யாரிடம் செல்வது என்ற விவரங்களைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை.

பள்ளி முடித்தால் அதிகாரியா?: சைனிக் பள்ளியில் படித்து முடித்தவர் நேரடியாக அதிகாரி ஆகிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. பன்னிரண்டாம் வகுப்பில் மற்ற மாணவர்களைப் போலவே மத்திய பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண். அதில் வென்றால் ராணுவத் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாள் சோதனை. அதற்கும் 900 மதிப்பெண். பின்னர் மருத்துவப் பரிசோதனை. லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் தேர்வில் ஒவ்வொரு முறையும் சுமார் 400 இடங்களே உள்ளன.

ஆகவே, சைனிக் பள்ளியில் படித்தவர்களிலும் பலர் வேறு துறைகளுக்கே செல்ல வேண்டியிருக்கும். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். இதைப் பிள்ளை பதினேழு வயதில் தனியே உணர்ந்து மருகுவதைவிட, பத்து வயதில் அனுப்பும்போதே பெற்றோர் வாயால் கேட்டிருப்பது மேல்.

தேர்வானவர்களுக்கும் இடர்ப்பாடு உண்டு. அகாதெமிகளில் பயிற்சியின்போது காயமுற்று, உடல் திறன் இழந்து வெளியேற்றப்பட்டோர் அதிகாரியாக நியமனம் பெறாதவர்கள் என்பதால், அவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி கிடைக்கவில்லை. மாதந்தோறும் கருணைத் தொகை மட்டுமே வழங்கப்பட்டது. 1985 முதல் இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என்று பத்திரிகைச் செய்தி வெளியானதையடுத்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து இவ்விவகாரத்தை விசாரணைக்கு எடுத்தது. அதன் பின்னரே முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நாட்டுக்காக உடலை வருத்திக்கொள்ள முன்வரும் இளைஞரின் குடும்பம் இதையும் அறிந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

வீட்டில் தொடங்கும் பயிற்சி: புறப்படுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பிள்ளை கற்க வேண்டியவை எளியவை. விடியற்காலையில் தானே எழுவது, படுக்கையை மடித்து வைப்பது, உள்ளாடைகளைத் துவைப்பது, காலணிக்கு மெருகிடுவது, தட்டில் வைத்ததை மறுக்காமல் உண்பது, தன் பொருள்களுக்குத் தானே கணக்கு வைப்பது. இவற்றைத் தாய் செய்து பழகிய வீட்டில், நிறுத்திக்கொள்ளும் பயிற்சி தாய்க்கும் தேவை.

முதல் சில வாரங்களில் அழைப்புகளில் அழுகை இருக்கும். அதைக் கேட்டு உடனே ரயில் ஏறுவதும் தவறு, "ஆண் பிள்ளை அழலாமா?" என்று வாயடைப்பதும் தவறு. வீட்டு நினைவால் வரும் அழுகை நாளடைவில் குறையும். மூத்த மாணவர்களின் துன்புறுத்தலால் வரும் அச்சம் குறையாது. பிள்ளையைப் பேசவிடாமல் செய்யும். ஆகவே, பிறர் அருகில் இருக்கும்போதும் சொல்லக்கூடிய ஓர் அடையாளச் சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். சிறார் உதவி எண் 1098-ஐயும் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். கட்டுப்பாடு என்பது அநீதியைப் பொறுத்துக்கொள்வது அன்று என்பதைப் பெற்றோர்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஊரார் முன்னிலையில் மாலையிட்டு, "எங்கள் வீட்டு ராணுவ அதிகாரி" என்று அறிமுகம் செய்து அனுப்பும் வழக்கத்தையும் சற்றே தள்ளி வைக்கலாம். அந்த மாலையின் பாரம், திரும்பி வர நினைக்கும் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். முதல் விடுமுறைக்கு வரும்போது, "அங்கே தொடர விரும்புகிறாயா?" என்று ஒருமுறை கேட்டு, எந்தப் பதில் வந்தாலும் ஏற்கும் மனத்துடன் பெற்றோர் இருப்பார்களேயானால், அந்தக் குடும்பம் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். "ஆம்" என்று அவன் சொல்லும்போது, அது அவனுடைய சொந்த முடிவாக இருக்கும்.