பள்ளியில் வெல்ஷ்.. கடையில் ஆங்கிலம்! ஒரு ஆரஞ்சு பேட்ஜ் வேல்ஸில் என்ன செய்கிறது?

வேல்ஸில் ஒரு கடைக்குள் போகிறீர்கள். கவுன்ட்டரில் நிற்பவருக்கு வெல்ஷ் மொழி தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால், எதிரில் இருப்பவருக்குத் தெரியும்னு இரண்டு பேருக்குமே தெரியாது. எதுக்கு வம்புன்னு ஆங்கிலத்திலேயே பேசி, காசு கொடுத்துட்டு வந்துவிடுவீர்கள்.

இந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் அந்த ஆரஞ்சு பேட்ஜ். பேச்சுக்குமிழி வடிவில் இருக்கும். அதில் ‘கம்ரைக்’ என்று எழுதியிருக்கும். வெல்ஷ்காரர்கள் தங்கள் மொழியைச் சொல்லும் பெயர் அது. சட்டையில் அது இருந்தால், ‘என்கிட்ட வெல்ஷ்ல பேசலாம்’னு அர்த்தம். இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லும் பேட்ஜும் உண்டு.

சட்டம் இருக்கே, அப்புறம் என்ன?

2011-ல் வந்த சட்டம் வெல்ஷுக்கு வேல்ஸில் அதிகாரப்பூர்வ அந்தஸ்து கொடுத்தது. கவுன்சில் போன்ற அரசு அமைப்புகள் வெல்ஷில் சேவை தந்தாக வேண்டும். தெருமுனைக் கடைக்கும் பப்புக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால், ஒரு மொழி நாள் முழுக்கப் புழங்குவது அங்கேதானே!

2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5.38 லட்சம் பேர், அதாவது 17.8%. 2011-ல் இது 19%. சரிவு அதிகம் தெரிந்தது 3 முதல் 15 வயதுக்காரர்களிடம். இத்தனைக்கும் பள்ளியில் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம்!

2050-க்குள் 10 லட்சம் பேர் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. தலைப்புச் செய்தியானது இதுதான். ஆனால், அதே திட்டத்தில் இன்னொரு இலக்கும் இருக்கிறது. தினமும் வெல்ஷ் பேசுபவர்களை 10%-லிருந்து 20% ஆக்க வேண்டும். கஷ்டமானது இந்த இரண்டாவதுதான். பாடம் நடத்தலாம், பேச வைக்க முடியுமா?

தயக்கம் எங்கிருந்து வந்தது?

19-ம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறார்களோ அவர்களிடம் அது போகும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. அதற்குப் பெயர் ‘வெல்ஷ் நாட்’. முன்னேற ஆங்கிலம்தான் வேணும் என்ற எண்ணமும் சேர்ந்து, பல வீடுகளில் பிள்ளைகளிடம் வெல்ஷ் பேசுவதே நின்றுபோனது.

அதை மாற்ற, ஊர் ஊராக ‘மென்டர் யாய்த்’ என்ற உள்ளூர் மொழி அமைப்புகள் இயங்குகின்றன. முதல் அமைப்பு 1991-ல் க்வென்ட்ரைத் பள்ளத்தாக்கில் தொடங்கியது. இப்போது 20-க்கும் மேல். இவர்கள் இலக்கணம் நடத்துவதில்லை. குழந்தைகளுக்கு விளையாட்டு, இளைஞர்களுக்கு இசைக் கச்சேரி, கடைக்காரருக்கு இருமொழிப் பலகை வைக்க உதவி.. இப்படித்தான் வேலை நடக்கிறது.

வடமேற்கில் உள்ள க்வினெத்தில் கதையே வேறு. அங்கே 64% பேருக்கு வெல்ஷ் தெரியும், பேசத் தயக்கமும் குறைவு. ஆனால், வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கிப்போட, விலை எகிறி உள்ளூர் இளைஞர்கள் ஊரைவிட்டே கிளம்புகிறார்கள். அதனால், 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு வழக்கமான வரியோடு கூடுதலாக 150% வசூலிக்கிறது க்வினெத் கவுன்சில்.