கோபுர வாயிலில் ஆடும் மகளிர்

தில்லைச் சிற்றம்பலத்தை நாடி வரும் அன்பர்கள் கீழைக் கோபுரத்தைக் கண்டதும் தலைமேற் கைகுவிப்பர். வாயிற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். பின்பு பொன்னம்பலத்தை எப்போது காண்போம் என்னும் வேட்கையால் உந்தப்பெற்று விரைந்து உள்ளே சென்றுவிடுவர். அவ்விரைவு குறை கூறத்தக்கதன்று. ஆயினும் அவ்வாயிலின் உட்புறச் சுவர்களில், இரு பக்கத்தும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு சிறு கட்டங்களுக்குள் ஆடும் மகளிர் நிற்கின்றனர். ஆருத்திரா தரிசனத்தன்றும் ஆனித் திருமஞ்சனத்தன்றும் எண்ணிறந்த மக்கள் அவர்களைக் கடந்து செல்கின்றனர். அம்மகளிர் யாவர், கூத்தப்பிரானின் திருவாயிலில் அவர்களுக்கு என்ன வேலை என்பதே இங்கு நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினாவுக்கு இருவகை விடைகளை நாம் கேட்டதுண்டு. வெறும் கல்லைக் கண்டு கண் சலியாதிருக்கச் சிற்பி செய்த அலங்காரம் என்பார் ஒரு சாரார். காமம் முதலிய உணர்ச்சிகளைப் புறத்தே விட்டுவிட்டு அகம் தூயராய் உள்ளே செல்க என்று எச்சரிக்கும் அடையாளமே பெண்ணுருவங்கள் என்பார் மற்றொரு சாரார். பிந்திய விடை மேடைகளில் மிகுதியும் வழங்குகின்றது. கேட்பதற்குத் தத்துவம் போலவும் தோன்றும். வடநாட்டுக் கோயில்கள் சிலவற்றுக்கு அது பொருந்துமா என்பதை அங்குள்ளோர் ஆராயட்டும். தில்லைக்கு அது சிறிதும் பொருந்தாது. ஏனெனில் கீழைக் கோபுரத்தில் இம்மகளிரின் உருவங்களுக்கு மேலே கிரந்த எழுத்தில் சுலோகங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை பரதமுனிவரின் நாட்டிய சாத்திரத்துச் சுலோகங்கள். எச்சரிக்கை செய்ய வந்த உருவத்தின் தலைமேல் யாரேனும் சாத்திர விதியை எழுதி வைப்பரோ? அலங்காரத்துக்காகச் செய்த பதுமைக்குத்தான் இலக்கணம் பொறிப்பரோ?

நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் கூறும் வரலாற்றை அன்பர்கள் அறிந்திருக்கலாம். பிரமதேவர் இமயமலைச் சாரலில் திரிபுரதகனம் என்னும் கூத்தைச் சிவபெருமான் திருமுன்பு நடிப்பித்தார். அதனைக் கண்டு மகிழ்ந்த பெருமான், மாலைப்பொழுதில் தாம் ஆடும் ஆட்டத்தின் கூறுகளையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுமாறு பணித்து, அவற்றைப் பரதருக்குக் கற்பிக்கும்படி தண்டு முனிவருக்கு ஆணையிட்டார். அக்கூறுகளே 108 கரணங்கள். கையும் காலும் இசைந்து இயங்கும் ஓர் அசைவு ஒரு கரணமாகும். கரணங்கள் பல தொடர்ந்து வருவது அங்ககாரம் எனப்படும். அது 32 வகை. ஆகவே 108 கரணங்களும் நம் பெருமான் தம் திருமேனியால் ஆடிக் காட்டி உலகுக்கு அளித்தவை. வேதம் அவர் வாக்கு என்றால், கரணம் அவர் உடல்மொழி என்று கூறலாம்.

தில்லைக் கோபுரங்கள் நான்கும் ஒரு காலத்தில் எழுந்தவை அல்ல. பிற்காலச் சோழர் நாளில் தொடங்கிய கோபுரத் திருப்பணி, வடக்குக் கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் நிறைவித்த காலம் வரையில் தொடர்ந்தது. அரசுகள் மாறின, சிற்ப நடையும் மாறிற்று. கோபுர வாயிலில் கரணம் ஆடும் மகளிரை நிறுத்தும் முறை மட்டும் மாறவில்லை. கீழைக் கோபுரத்துச் சிற்பங்களுள் 93 கரணங்களைச் சுலோகங்களுடன் பொருத்திச் சென்னைக் கல்வெட்டுத் துறையினர் 1914 ஆம் ஆண்டின் அறிக்கையில் வெளியிட்டனர். அதன் பின்னரே கற்றோர் பலர் இவற்றை ஊன்றிப் பார்க்கத் தலைப்பட்டனர். கரணம் என்பது அசையாத நிலையன்று, தொடங்கி முடியும் ஓர் இயக்கம். சிற்பி அதன் ஒரு கணத்தைப் பற்றிக் கல்லில் நிறுத்தியுள்ளான் என்பதை நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அவர்கள் தம் ஆராய்ச்சியாலும் ஆடலாலும் விளக்கியுள்ளார்.

இக்கரணங்களுள் இருபத்துநான்காவது புஜங்கத்ராசிதம். காலடியில் பாம்பைக் கண்டு அஞ்சியவர் திடுமெனக் காலைத் தூக்குவதுபோல, ஒரு காலை மடித்து உயர்த்திக் குறுக்கே வீசுவது அதன் இலக்கணம். அன்பர்களே, இது எந்தக் கோலம் என்று தெரிகின்றதா? பொன்னம்பலத்தில் நாம் கண்ணாரக் காணும் ஆனந்தத் தாண்டவக் கோலம் இதுவே. உடுக்கை ஒலிக்கும் கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், எடுத்த திருவடி அருளல் என்று நம் சாத்திரங்கள் ஐந்தொழிலையும் எத்திருக்கோலத்தில் வைத்துப் பேசுகின்றனவோ, அக்கோலத்தின் கால்நிலையில் ஒரு பெண் கோபுர வாயிலில் நிற்கின்றாள். அவளுக்கு நான்கு கைகள் இல்லை. கையில் தீயும் இல்லை. காலடியில் முயலகனும் இல்லை. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் உடைய மானிடப் பெண். பெருமானைக் காணுமுன்பே அவர் ஆட்டத்தை அவளிடம் நாம் கண்டுவிடுகின்றோம்.

இதனினும் வியப்புக்குரியது லலாடதிலகம் என்னும் ஐம்பதாவது கரணம். காலைப் பின்புறமாக வளைத்து மேலே உயர்த்திப் பெருவிரலால் நெற்றியில் திலகம் இடுவது அது. தில்லைத் தலபுராணத்தைக் கேட்டவர்களுக்கு உடனே காளியின் வரலாறு நினைவுக்கு வரும். பெருமானும் காளியும் போட்டியிட்டு ஆடியபோது பெருமான் காலை உச்சிக்கு நேரே உயர்த்தி ஊர்த்துவ தாண்டவம் ஆடினார். நாணத்தால் அவ்வாறு ஆடாது காளி தோல்வியை ஏற்றாள் என்பர். அக்கதை வழங்கும் அதே தில்லையில், காலை உச்சிவரை உயர்த்தி ஆடும் பெண்ணைச் சிற்பிகள் கோபுரத்தில் வடித்துள்ளனர். பெண்ணுக்கு இது அடாது என்று அவர்கள் அக்கட்டத்தை விட்டுவிடவில்லை. அவ்விடத்தில் ஆணுருவைப் புகுத்தவும் இல்லை. இறைவன் அருளிய நூற்றெட்டில் ஒன்று குறையினும் அது முழுமையாகாது என்று கருதினர் போலும். சிற்றின்பக் காட்சி என்று இவற்றைக் கண்டு முகம் சுளிப்போர், இத்தகைய கரணத்தை ஒருவர் ஆடி முடிப்பதற்கு எத்தனை ஆண்டு உடல் வருந்திப் பயில வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஒருவகைத் தவம்.

இனித் தஞ்சைக்குச் செல்வோம். இராசராச சோழன் எடுப்பித்த பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் கரணச் சிற்பங்கள் உள்ளன. அங்கே ஆடுபவர் பெண் அல்லர். நான்கு திருக்கரங்களோடு சிவபெருமானே ஆடுகின்றார். 81 கரணங்கள் முடிந்துள்ளன. எஞ்சிய 27க்கும் உரிய கற்கள் செதுக்கப்படாமலே உள்ளன. அங்குக் கருவறைக்கு மேலே, மக்கள் செல்லாத இடத்தில், இறைவனின் ஆட்டம். இங்கு எல்லாரும் புழங்கும் வாயிலில் மகளிரின் ஆட்டம். தில்லைக் கோபுரங்கள் தஞ்சைக்குப் பிற்பட்டவை என்பதையும் நினைவிற்கொள்க.

தஞ்சையில் ஆடிய மகளிர் சிற்பத்தில் இல்லை என்றாலும் கல்லில் இருக்கின்றனர். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்து, பெரிய கோயிலைச் சார்ந்த தெருக்களில் ஆளுக்கொரு வீடு அளித்து, ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள பங்கும் தந்தான் அரசன். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்பவையெல்லாம் முறையாக வெட்டப்பட்டுள்ளன. ஒருத்தி இறந்துபட்டால் அவளுக்கு அடுத்த முறையினர் அப்பணியைச் செய்க; அவர் தகுதியற்றவராயின் தக்காரைத் தேர்ந்து அமர்த்துக என்றும் விதி செய்யப்பட்டுள்ளது. பிறப்பு ஒன்றே போதும் என்று அரசன் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

அப்பெயர்களைப் படிக்குங்கால் நெஞ்சு நெகிழ்கின்றது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னே நக்கன் என்னும் சொல் நிற்கும். அது சிவபெருமானின் திருநாமங்களுள் ஒன்று. தந்தையின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் பெருமானின் பெயர்! நக்கன் சேரமங்கை என்பாள் ஒருத்தி. மற்றொருத்தியின் பெயர் நக்கன் எடுத்தபாதம். அருள்புரியும் தூக்கிய திருவடியையே தம் மகளுக்குப் பெயராக இட்ட தாய் எவளோ! தஞ்சையில் பெயர்கள் உள்ளன, அவர்கள் உருவங்கள் இல்லை; தில்லையில் மகளிரின் உருவங்கள் உள்ளன, பெயர்கள் இல்லை. வடக்குக் கோபுரத்தில் திருப்பணி செய்த சிற்பாசாரியர்களின் சிறிய உருவங்கள் பெயரோடு காணப்படுகின்றன. ஆடிய பெண் ஒருத்தியின் பெயரும் கரணச் சிற்பத்தின் அருகே இல்லை. ஆயினும் அச்சிற்பி எங்கிருந்து இவ்வசைவைக் கண்டான்? சுலோகம் விதியைத்தான் கூறும். இடுப்பு எவ்வளவு வளையும், தூக்கிய கால் எவ்விடத்தில் நடுங்காது நிற்கும் என்பதை ஆடுவோரிடமே காண வேண்டும். தில்லையில் ஒரு எடுத்தபாதம் இருந்திருப்பாள் என்றே நாம் கருதுகின்றோம்.

இம்மரபினரைச் சைவம் இழிவாகக் கருதவில்லை என்பதற்குத் திருவாரூர்ப் பரவையாரே சான்று. உருத்திரகணிகையர் குலத்தில் தோன்றிய அவ்வம்மையாரின் ஊடலைத் தீர்க்கப் பெருமானே நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் ஒருமுறைக்கு இருமுறை நடந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அத்தெருவில் திருவடி தோய்ந்தது. பின்வந்த நாளில் நாம்தான் அத்தெருக்களைக் கண்டு முகம் திருப்பினோம். கோயில் நிலம் குறைந்து, படி நின்று, செல்வர்களின் தயவை நாடி வாழும் நிலைக்கு இம்மகளிர் தள்ளப்பட்டனர். சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கம் கொடுமையாக முடிந்தது. 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடுத்தது. அது வேண்டுவதே, அதனை மறுப்பார் பக்கம் நாம் நில்லோம். ஆனால் தடுக்கப்பட்டது பொட்டுக்கட்டுதல். அப்பெண்களின் தலைமுறைகள் செய்த தொண்டை மறக்குமாறு எச்சட்டமும் நமக்குச் சொல்லவில்லை. அம்மறதி நாமாகத் தேடிக்கொண்டது. 1981 முதல் தில்லையில் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடைபெற்று, பல ஊர்க் கலைஞர்களும் வந்து கூத்தப்பிரானுக்கு ஆடலைக் காணிக்கையாக்குவது நற்பேறு. அங்கு ஆடுவோரும் காண்போரும் கோபுர வாயிலில் சிறிது நின்று செல்வாராயின் நன்று.

எவ்வாறு காண்பது என்பாருக்கு ஒன்று கூறுவோம். நெரிசல் மிகுந்த திருவிழா நாள் இதற்கு ஏற்றதன்று. வேறொரு நாளில் காலைப்பொழுதில் வந்து, வாயிலின் ஓரமாக வழிவிட்டு நின்று, கண் பழகும் வரை பொறுத்துக் கீழிருந்து மேலாக நோக்குக. கல்லில் திருநீறோ குங்குமமோ பூச வேண்டா. கற்பூரம் கொளுத்தி வைக்கவும் வேண்டா. எண்ணெயும் புகையும் படிந்தால் விரல்களின் வடிவு முதலில் மறையும். விரல் மறைந்தால் கரணம் இன்னதென்று தெரியாது. நூற்றெட்டையும் ஒரே நாளில் காண முயலாது, முதற் கரணமாகிய தலபுஷ்பபுடத்தைத் தேடுக. கால் நுனியை ஊன்றி, உடலைச் சிறிது வளைத்து, இரு கைகளையும் ஒன்றுசேர்த்து இடப்புறமாகப் பூ ஏந்தி நிற்பாள் ஒருத்தி. ஆடல் தொடங்குமுன் மலர் தூவுவதற்குரிய கரணம் அது. நாமும் கையில் பூவோடுதான் அவ்வழியே செல்கின்றோம்.