தக்களின்னா தக்காளியா?

விஜயகரிசல்குளம் கண்காட்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னு, "தக்காளியா? மண்ணுல செஞ்ச தக்காளியா?"ன்னு சத்தமாகவே கேட்டுவிட்டேன். சீட்டில் 'தக்களி' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சதோட பலன் அது. பக்கத்தில் வேட்டி கட்டியிருந்த ஒரு தாத்தா சிரிக்காமல் சொன்னார்: "நூல் நூக்கறதும்மா. எங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒண்ணு குடுப்பாங்க."

நீங்களும் நம்ம காலேஜில் நாலு வருஷம் இருந்துவிட்டு, பால்கோவா வாங்கி, ஆண்டாள் கோயில் கோபுரம் முன்னாடி செல்ஃபி எடுத்து, செண்பகத்தோப்பில் குளிச்சுட்டு ஊருக்குக் கிளம்பப் போறவர்னா, இதைப் படிங்க. பக்கத்திலேயே இருக்கும் ஒரு இடத்தைப் பற்றியும், அதை கான்சாபுரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நாங்கள் செய்த ஒரு தப்பைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

முதலில் இடம். சிவகாசியைத் தாண்டி வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம். ஊர்க்காரர்கள் உச்சிமேடு என்று கூப்பிடும் ஒரு மண்மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தோண்ட ஆரம்பித்தது. 2023இல் இரண்டாம் கட்டம், 2024 ஜூனில் மூன்றாம் கட்டம். கிடைத்தவை ஆயிரக்கணக்கில்: சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, பகடைக்காய், எடைக்கல், கொஞ்சம் தங்கம்கூட. செய்தியில் வருவது அந்தத் தங்கம்தான். நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்கள் பார்க்க வேண்டியது அது இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

சங்கு வளையலை எடுத்துக்குங்க. விஜயகரிசல்குளத்தில் கடல் இல்லை. சங்கு மன்னார் வளைகுடாவில் இருந்துதான் வந்திருக்கணும். வைப்பாறும் அந்தக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. சரி, கடற்கரையில் செஞ்ச வளையலை இங்கே வாங்கிப் போட்டுக்கிட்டாங்களா, இல்ல முழுச் சங்கைக் கொண்டுவந்து இங்கேயே அறுத்தாங்களா? எப்படிக் கண்டுபிடிப்பது? அழகான வளையலைப் பார்த்தால் தெரியாது. கழிவைப் பார்க்கணும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்ன ஜாப் ஓடுதுன்னு தெரியணும்னா குப்பைத்தொட்டியில் கிடக்கும் சுருளைப் பார்க்கிற மாதிரி.

சங்கின் முனையைத் தட்டி உடைத்துவிட்டு, இரும்பு ரம்பத்தால் குறுக்கே வட்டம் வட்டமாக அறுப்பார்கள். ஒரு சங்கில் சில வளையங்கள்தான் தேறும். நடுவில் இருக்கும் முறுக்குத் தண்டும் இரண்டு முனைத் துண்டுகளும் வீண். அறுத்த வளையத்தைக் கல்லில் தேய்த்து, உள்பக்கத்தை வழவழப்பாக்கி, வெளியே அரத்தால் கோடு போடணும். வெம்பக்கோட்டையில் நல்ல வளையலோட அரைகுறையாக அறுத்த துண்டுகளும் கழிவும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. அதனால்தான் இங்கே ஒரு வளையல் பட்டறையே இருந்திருக்கிறது என்கிறார்கள். சங்கு என்பது சும்மா சுண்ணாம்பு இல்லை. மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் படிந்த ஒரு கம்பாஸிட். விரிசல் நேராக ஓடாது, அடுக்குக்கு அடுக்கு திரும்பும். நாம் லேபில் ஃபைபர் லேமினேட் செய்து டெஸ்ட் பண்ற அதே கதைதான். அதை உடையாமல் மூணு நாலு மில்லிமீட்டர் கனத்துக்கு அறுக்க, எத்தனை சங்கு உடைச்சுப் பழகியிருப்பான்!

கருப்பு-சிவப்பு பானை இன்னொன்று. வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய்ப்பக்கமும் கருப்பு. இரண்டு பெயிண்ட் இல்லை, ஒரே மண்தான். உமி, தழைக்குள் பானையைக் கவிழ்த்துவைத்துச் சுடும்போது வெளிப்பக்கத்துக்குக் காற்று கிடைக்கிறது. மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிவக்கிறது. கவிழ்ந்த உள்பக்கத்துக்குக் காற்று கிடையாது. அங்கே கரி படிந்து கருப்பாகிறது. ஆக்ஸிடைசிங், ரெட்யூசிங் அட்மாஸ்ஃபியர்னு ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் நாம் மனப்பாடம் செய்ததை ஒரு பானைக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் காட்டிட்டாங்க.

இப்போ தக்களிக்கு வருவோம். நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை வரைக்கும் அளவுள்ள சுடுமண் வட்டு, நடுவில் ஓட்டை. ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகி, பஞ்சை நுனியில் கட்டிச் சுழற்றினால் பஞ்சு முறுக்கேறி நூலாகும். மண்வட்டு எதுக்கு? ஃப்ளைவீல். குச்சி மட்டும் இருந்தா இரண்டு சுற்றில் நின்றுவிடும். எடை அதே இருக்க, வட்டின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா நாலு மடங்கு. அகலமான வட்டு மெதுவாக, நெடுநேரம் சுற்றும். சின்ன வட்டு சடசடன்னு வேகமாகச் சுற்றி அதிக முறுக்குக் கொடுக்கும். கனமான வட்டைத் தொங்கவிட்டால் மெல்லிய நூல் அறுந்தே போகும். அதனால் ஒரு தக்களியின் எடையையும் அகலத்தையும் அளந்தாலே, தடித்த நூலா மெல்லிய நூலா, அங்கே என்ன நூற்றார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். துணி மக்கிப் போயிருக்கும், நூலும் இருக்காது, தக்களி மட்டும் இருக்கும்.

இதை எந்த ஊரில் நின்று பார்க்கிறோம் என்பதையும் யோசிங்க. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியது 1936. சத்திரப்பட்டியில் இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் சுந்தரபாண்டியத்தில் தறிச் சத்தம் கேட்கும். மில்லில் ரிங் ஃப்ரேம் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலே ஓடும். இண்டஸ்ட்ரியல் விசிட்டில் அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிசா எதுவும் தோணலை, வெக்கைதான் ஞாபகம். மண் தக்களியைப் பார்த்த பிறகுதான் அந்த ஸ்பிண்டில் என்ன வேலை பார்க்கிறது என்றே புரிந்தது: முறுக்கு, சுற்று. அவ்வளவுதான்.

சரி, கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வத்திராயிருப்பு பக்கம் போகிற பாதையில் இருக்கும் ஊர். இந்த ஊர்ப் பெயரே ஒரு கண்காட்சிப் பொருள்தான். 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான், அதாவது கான்சாகிப் பெயரில் வந்த ஊர் என்று சொல்வார்கள். மேற்கே மலை, பிளவக்கல் அணை, நடுவில் வயல். அந்தப் பக்கத்துத் தண்ணீர் அர்ஜுனா நதியாக ஓடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. ஆக வெம்பக்கோட்டை ஏதோ வெளியூர் சமாச்சாரம் இல்லை, ஒரே ஆற்றுக் குடும்பம்.

அங்கே வாரம் இரண்டு நாள் சாயங்காலம் நாங்கள் ஆறு பேர் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் எடுத்தோம். கணக்கு, சயின்ஸ். பிள்ளைகள் கொட்டாவி விடுவாங்க, நாங்களும் விடுவோம். கண்காட்சிக்குப் போய்வந்த வாரம் கணக்கை மூடிவைத்துவிட்டு, கண்மாய்க் களிமண்ணில் தக்களி செய்யலாம்னு ஆரம்பிச்சோம்.

அதுதான் நாங்கள் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு. முதலில் செய்த வட்டுகளில் பாதி வெயிலில் வெடித்துவிட்டன. "மண்ணுல கொஞ்சம் மணல் சேக்கணும்க்கா"ன்னு ஒரு ஆறாம் வகுப்புப் பொண்ணு சொன்னாள். அவள் பாட்டி அடுப்புப் போடும்போது அப்படித்தான் செய்வாங்களாம். மணல் சேர்த்தோம், வெடிக்கலை. அடுத்து ஓட்டை. கண் மதிப்பில் குத்தினால் நடுவில் விழாது. சுற்றும்போது குச்சி தலையை ஆட்டிக்கொண்டே போய் விழும். ஏன் ஆடுதுன்னு நாங்கள் சொல்லவில்லை. அவங்களே ஒரு பக்கம் சுரண்டி, மறுபடி சுற்றி, மறுபடி சுரண்டி சரி செய்தாங்க. பேலன்ஸிங் என்று நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்த விஷயம். கடைசியில் விளக்குத்திரிப் பஞ்சில் ஒரு முழம் நூல் வந்தது. முடிச்சும் மூட்டையுமா இருந்தாலும் நூல் நூல்தான். அந்த ஒரு முழத்துக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒரு வேட்டிக்கு எத்தனை ஆயிரம் முழம் வேணும்னு கணக்குப் போடச் சொன்னோம். அன்றைக்கு யாரும் கொட்டாவி விடலை.

அந்த உற்சாகத்தில்தான் நான் வாயை விட்டேன். "உங்க வீட்டுப் பக்கம், தோட்டத்துப் பக்கம் இந்த மாதிரி பழைய ஓடு, பாசி ஏதாவது கிடைச்சா அடுத்த வாரம் கொண்டுவாங்க. நாமளே ஒரு சின்ன மியூசியம் வைப்போம்."

அடுத்த வாரம் கொண்டுவந்தாங்க. ஒருத்தன் உரச்சாக்கில் கொண்டுவந்தான்.

பாதிக்கு மேல் சாதாரண ஓடு, உடைந்த தொட்டி, பழைய சீசா மூடி. ஆனால் அதற்குள் ஏழெட்டு கருப்பு-சிவப்புத் துண்டுகள் இருந்தன. ஓரம் தேய்த்து வட்டமாக்கிய ஒரு ஓட்டாஞ்சில்லும் இருந்தது. நான் குதிச்சேன். போட்டோ எடுத்து, அகழாய்வுக் களத்தில் வேலை பார்த்த அனுபவமுள்ள எங்கள் சீனியர் ஒருவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரே கேள்வி வந்தது: "எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்துல என்ன இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது. பையனைக் கேட்டால், கொஞ்சம் அப்பா வயலுக்கு அடித்த வண்டல் மண்ணில் பொறுக்கியது, கொஞ்சம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் குச்சியால் தோண்டி எடுத்தது. எது எதுன்னு அவனுக்கே ஞாபகம் இல்லை. எல்லாம் ஒரே சாக்கு.

இங்கேதான் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். தோண்டி எடுத்த பொருளைவிட அது கிடந்த இடம்தான் முக்கியம். மண் அடுக்கடுக்காகப் படிகிறது. கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது. ஒரு பானைத் துண்டின் வயதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதே அடுக்கில் கிடக்கும் ஒரு கரித்துண்டை ரேடியோகார்பன் முறையில் அளந்துதான் பெரும்பாலும் காலம் சொல்கிறார்கள். அகழாய்வில் சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, ஒவ்வொரு பொருளும் எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதிவைப்பது இதற்காகத்தான். இடத்தில் இருந்து பெயர்த்துவிட்டால் அந்தத் துண்டு வெறும் ஓடு. நம்பர் இல்லாத சாம்பிள். லேபில் லேபிள் ஒட்டாத டெஸ்ட் ட்யூபை என்ன செய்வோம்? ஊற்றிவிடுவோம்.

மியூசியம் வைக்கணும்னு நினைச்சு, ஒரு மேட்டைக் கிளற நானே பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். ஜேசிபி ஒருநாளில் செய்வதோடு ஒப்பிட்டால் ஒரு பையனின் குச்சி ஒன்றுமே இல்லை என்று ஃப்ரெண்ட்ஸ் சமாதானம் சொன்னாங்க. அது உண்மையும்தான். இருந்தாலும் ஜேசிபிக்காரரிடம் நான் "கொண்டுவா"ன்னு சொல்லலையே.

அடுத்த இரண்டு வாரமும் பாடம் எடுக்கலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொருத்தரும் பொறுக்கிய இடத்துக்கு நடந்தோம். யார், எங்கே, மேலே கிடந்ததா தோண்டியதா, வண்டல் என்றால் எந்தக் கண்மாயிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதினோம். போனில் லொகேஷன் குறித்தோம். பாதிக்குத்தான் விடை கிடைத்தது. நோட்டின் ஒரு பிரதியை கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தோம். அந்த மேடு எதுன்னு இங்கே எழுதப் போவதில்லை; ஏன்னு உங்களுக்கே புரியும்.

வகுப்பு நடத்துறவங்க, நடத்தப் போறவங்க இதை மட்டும் வச்சுக்குங்க. எதையும் கொண்டுவரச் சொல்லாதீங்க, வந்து கூப்பிடச் சொல்லுங்க. மேலே கிடந்தால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்துப் போட்டோ எடுங்க. தோண்டவே கூடாது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கு: மண்ணுக்குள் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். பத்து ரூபாய் என்பது 1878இல் பெரிய தொகை; இன்றைக்கு ஒரு டீக்கே பத்தாது. கலெக்டர் ஆபீஸ் தூரம்னா விஏஓ, தாலுகா ஆபீஸ், விருதுநகர் அரசு அருங்காட்சியகம் என்று யாரிடமாவது சொல்லுங்க. தக்களி செய்ய மட்டும் புது மண்ணே போதும்.

கடைசி வகுப்பில் அந்த ஆறாம் வகுப்புப் பொண்ணு ஓட்டாஞ்சில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ராசா காலத்துப் பிள்ளைங்க விளையாடுனதாக்கா, இல்ல எங்க பாட்டி பாண்டி விளையாடுனதா?"ன்னு கேட்டாள். தேய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வண்டலில் வந்ததா மேட்டில் கிடைத்ததான்னு நோட்டில் தேடினேன். அந்த வரியில் நாங்கள் போட்டிருந்தது ஒரு கேள்விக்குறி. "தெரியலடா"ன்னு சொன்னேன்.