சுற்றமும் வாணிகமும்

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துவினையாடல் என்பது 52ஆம் அதிகாரம். அதனை அடுத்து வருவது சுற்றந்தழால். தகுதி அறிந்து ஒருவரிடம் வேலையை ஒப்படைப்பதை முன்னது கூறும். உறவினரை அரவணைப்பதைப் பின்னது கூறும். இவ்விரு கடமைகளையும் ஒன்றாகக் கருதும்போதே குடும்ப வாணிகம் தளரத் தொடங்குகிறது.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் குடும்பத்தார் நடத்தும் கடைகள் பல. இத்தகைய கடைகளுக்குத் தனி வலிமை உண்டு. முதல் போட்டவரே கல்லாவில் அமர்வதால் கண்காணிப்புச் செலவு குறையும். பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கருதி, இலாபத்திற்காகப் பொறுத்திருக்கவும் மனம் வரும். ஆயின், கல்லாச் சாவி அடுத்த தலைமுறையின் கைக்கு மாறும்போது சோதனை வருகிறது.

அமெரிக்கப் பெருநிறுவனங்களை ஆராய்ந்த வில்லலோங்கா, அமித் என்னும் இருவர் 2006இல் தம் முடிவை வெளியிட்டனர். நிறுவியவர் தலைமையில் இருக்கையில் நிறுவனத்தின் மதிப்பு உயர்கிறது; வழித்தோன்றல் தலைமை நிர்வாகியாகும்போது குறைகிறது என்பது அவர்கள் கண்டது. டென்மார்க் நிறுவனங்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வும் இதனை ஒட்டியதே. நிர்வாகம் உறவினரிடம் சென்ற இடங்களில் இலாப விகிதம் குறைந்தது 4 விழுக்காட்டுப் புள்ளி சரிந்ததாக அது கணக்கிட்டது.

இச்சிக்கலுக்கு நம்மவர் கண்ட பழைய வழி ஒன்றுண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினர். முதலாளிகள் பலர் செட்டிநாட்டிலேயே இருந்தனர். கடையை நடத்த மேலாள் ஒருவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் வருவார். அவருக்குச் சம்பளம் உண்டு. இலாபத்திலும் ஒரு பங்கு உண்டு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். இளமையில் கடைப்பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, அதன் பின்னரே மேலாளாவது வழக்கம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் தொழில் பழகியதுண்டு.

இம்முறையிலும் குறை இருந்தது. மேலாளைப் பெரும்பாலும் தம் சமூகத்திலேயே தேடினர். பெண்களுக்கு அப்பொறுப்பில் இடம் தரவில்லை. எனினும் உடைமை வேறு, நிர்வாகம் வேறு என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

இன்றைய சிறு கடைக்கும் அத்தெளிவு வேண்டும். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே பெட்டியிலிருந்து போகலாகாது. கடையில் உழைக்கும் தம்பிக்கும் மருமகளுக்கும் சம்பளம் எழுத்தில் இருத்தல் நன்று. மகனோ மகளோ பொறுப்பேற்கு முன் வேறோரிடத்தில் சில ஆண்டு வேலை பழகட்டும். தொழிலில் நாட்டமில்லாத பிள்ளைக்கு இலாபத்தில் பங்கு கொடுத்தால் போதும். கல்லாவில் அமரத் தகுந்த வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம்.