பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் (பெண்களில்)

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் என்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் தீநுண்மத்தால் (வைரஸ்) ஏற்படும், பாலுறவு வழியாகப் பரவும் நோயாகும். இத்தீநுண்மம் இரு வகைப்படும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பையே தாக்குகிறது. உதட்டோரக் கொப்புளங்களை உண்டாக்கும் முதல் வகையும் வாய்வழிப் பாலுறவு மூலம் இந்நோயைத் தோற்றுவிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஐவரில் ஒருவருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 84.6 கோடிப் பேருக்கு, இத்தொற்று உள்ளது. அவர்களுள் பலர் அதனை அறிவதில்லை.

தமிழில் அக்கி எனப்படும் நோய் சின்னம்மைத் தீநுண்மத்தால் வருவது. இரு தீநுண்மங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் நோய்கள் வெவ்வேறானவை.

அறிகுறிகள்

தொற்று ஏற்பட்டு 2 முதல் 12 நாட்களுக்குள் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, வலியுள்ள புண்களாகலாம். முதல் முறை காய்ச்சலும், தொடை இடுக்கில் நெறிகட்டுதலும் உடன் வரலாம். பெண்களில் புண்கள் யோனியின் உட்புறத்திலோ கருப்பை வாயிலோ அமைந்தால் கண்ணுக்குப் புலப்படா. சிறுநீர் கழிக்கையில் ஏற்படும் எரிச்சல் சிறுநீர்த் தொற்றாகவும், அரிப்பும் வெள்ளைப்படுதலும் பூஞ்சைத் தொற்றாகவும் தவறாகக் கருதப்படுவதுண்டு. ஆகவே, புதிய புண்ணிலிருந்து எடுத்த நீரைச் சோதிப்பதே நோயை உறுதிப்படுத்தும் சிறந்த வழியாகும்.

மறைந்திருத்தல்

புண்கள் ஆறினாலும் தீநுண்மம் நரம்பு வழியே சென்று, முதுகுத்தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பணுத்திரள்களில் உறங்குநிலையில் தங்குகிறது. அவ்வப்போது விழித்துத் தோலுக்குத் திரும்புகிறது. புண் எதுவும் இல்லாத நாட்களிலும் அது வெளிப்படக்கூடும். எனவே தன் நோயை அறியாதவரிடமிருந்தும் தொற்று பரவுகிறது.

யோனி நலம்

யோனியில் இயல்பாக வாழும் லாக்டோபசில்லசு நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து பிற கிருமிகளைத் தடுக்கின்றன. இச்சமநிலை குலைவதால் வரும் பாக்டீரியத் தொற்று உள்ள பெண்களை ஹெர்ப்பிஸ் எளிதில் பற்றுகிறது. யோனியின் உட்புறத்தை நீர் அல்லது மருந்து கொண்டு கழுவுவது இச்சமநிலையைக் குலைக்கக்கூடும்.

கருவுற்றிருத்தல்

கருவுற்ற இறுதி மாதங்களில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால், பிரசவத்தின்போது அது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடாகும். குழந்தையின் உயிருக்கும் மூளைக்கும் ஆபத்து நேரலாம். முன்னரே தொற்றுள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையைக் காப்பதால், அவருக்கு நோய் மீண்டும் வந்தாலும் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. பிரசவ வேளையில் புண் இருப்பின் அறுவைப் பிரசவம் பரிந்துரைக்கப்படுகிறது. எனவே தமக்கோ துணைவருக்கோ இந்நோய் உண்டென்பதை மருத்துவரிடம் மறையாது கூறுதல் இன்றியமையாதது.

மருத்துவம்

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்தோ, தடுப்பூசியோ இதுவரை இல்லை. அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர் முதலிய மருந்துகள் புண்களை விரைந்து ஆற்றுகின்றன. தீநுண்மத்தின் நொதியமே அசைக்ளோவிரைச் செயல்படத் தூண்டுவதால், அது பெரும்பாலும் தொற்றுற்ற உயிரணுக்களில் மட்டுமே வேலை செய்கிறது. வலாசைக்ளோவிரை நாள்தோறும் உட்கொள்வது துணைவருக்குப் பரவுவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. ஆணுறையும் ஆபத்தைக் குறைக்கும். ஆயினும் அது மூடாத தோற்பகுதி வழியே தொற்று பரவலாம்.

தவறான கருத்து

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்ப்பிஸ் காரணமாகலாம் என 1960களிலும் 1970களிலும் ஐயுறப்பட்டது. மனித பாப்பிலோமா தீநுண்மமே அதற்குக் காரணம் எனக் கண்டறிந்த ஹெரால்ட் சூர் ஹவுசன் 2008இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.