கடைப் பெயர் யாருக்குச் சொந்தம்?

வாப்பா நாற்பது வருடம் அடுப்படியில் நின்று பெயர் வாங்கிக் கொடுத்த பிரியாணிக் கடை. போர்டைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு பதிவு எதுவும் கிடையாது. திடீரென்று ஒரு வக்கீல் நோட்டீஸ் வருகிறது: "இது எங்கள் பதிவு பெற்ற வணிகச் சின்னம், உடனே பெயரை மாற்றுங்கள்." பயந்துபோய் அன்றே போர்டைக் கழற்றி விடுகிறவர்கள் நம்மில் உண்டு. அவ்வளவு அவசரம் தேவையில்லை.

நமக்கெல்லாம் தெரிந்த திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவை எடுத்துக்கொள்வோம். அது முதலாளி வைத்த பெயர் அல்ல. மங்கிய வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஜனங்களாகவே வைத்த பெயர். பின்னாளில் வேறொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று தொடங்கி, அதைப் பதிவும் செய்துகொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன்னிடமும் பதிவு இருக்கும்போது தன்மீது எப்படி வழக்குப் போட முடியும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 2015 மார்ச்சில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பதிவு புதிதாக உரிமையை உண்டாக்குவதில்லை, ஏற்கனவே இருக்கும் உரிமைக்கு அது ஓர் அங்கீகாரம்தான். ஆகவே முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு செய்தவரின் உரிமையை விட மேலானது என்று நீதிமன்றம் சொன்னது.

1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 34ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. எதிர்த்தரப்பு அந்தப் பெயரைப் பயன்படுத்தவும் பதியவும் தொடங்கும் முன்பிருந்தே நீங்கள் இடைவிடாமல் பயன்படுத்தி வந்தால், உங்களைத் தடுக்க முடியாது.

ஆனால் வாயால் சொன்னால் கோர்ட் நம்பாது. பழைய பில் புக், நகராட்சி லைசென்ஸ், விற்பனை வரி ரசீது, திறப்பு விழா நோட்டீஸ் எல்லாம் வேண்டும். கடைக்கு வெள்ளையடிக்கும்போது நாம் முதலில் தூக்கிப் போடுவதே இவற்றைத்தான்!

அப்படியென்றால் பதிவே வேண்டாமா? வேண்டும். வழக்கு வந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் இது சொற்பம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சென்னையில் கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். விண்ணப்பத்தில் 'எப்போதிலிருந்து பயன்பாடு' என்ற இடத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டுவிட்டால், நாற்பது வருட உழைப்பை நாமே காகிதத்தில் அழித்ததாகிவிடும்.

இன்னொன்று, யார் பெயரில் பதிவது? மூத்தவர் வசதிக்காகத் தன் பெயரில் மட்டும் பதிந்து வைப்பார். வாப்பா மௌத்தான பிறகு தம்பி பக்கத்து ஊரில் அதே பெயரில் கிளை திறந்தால், அண்ணனிடமிருந்தே நோட்டீஸ் வரும். கடை கூட்டாக நடந்தால் கூட்டு நிறுவனத்தின் பெயரிலேயே பதியுங்கள். பாகம் பிரிக்கும்போது கட்டிடத்தையும் சரக்கையும் எழுதுவதோடு, கடைப் பெயர் யாருக்கு, எந்த ஊரில் என்பதையும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.