போட்டியில் வீடு வாங்குவோர்க்குச் சில யோசனைகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்றனர் நம் பெரியோர். கட்டிய வீட்டைப் போட்டியில் வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. இன்றோ பழவங்காடி, கிழக்கே கோட்டை, சாலை, வலியசாலை, கரமனை ஆகிய இடங்களில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தி பரவிய மறுநாளே நாலு பேர் வாசலில் நிற்கின்றனர். நம்மவரில் பலர் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துப் பூர்வீக நிலத்தை விற்ற பணத்தையும், சேமநிதியையும், இல்லத்தரசியின் நகையையும் நம்பி இவ்வூரில் வீடு தேடுகிறவர்கள். அத்தகைய குடும்பத்துக்கு அதிக விலை கொடுப்பது வெறும் நஷ்டமன்று. பிள்ளையின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் அதில் கரைந்துவிடும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

போட்டியில் விலை எவ்வாறு ஏறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரே வீட்டைப் பத்துப் பேர் மதிப்பிட்டால் சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவர். வீடு யாருக்குக் கிடைக்கும்? எல்லாரினும் அதிகமாக மதிப்பிட்டவருக்கே. அதாவது, கணக்கில் மிகவும் பிசகியவர் வெற்றி பெறுகிறார். அமெரிக்காவில் கடலடி எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த கம்பெனிகளுக்கு இக்கதி நேர்ந்ததை மூன்று எஞ்சினீயர்கள் 1971-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். 'வென்றவனின் சாபம்' என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. எண்ணெய்க் கம்பெனி அந்த நஷ்டத்தைத் தாங்கும். மாதச் சம்பளக்காரர் தாங்குவாரா?

ஆதலின் வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே விலையின் எல்லையைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். அதற்கு ஆதாரங்கள் உண்டு. கேரளத்தில் 2010 முதல் ஒவ்வொரு நிலத்துக்கும் அரசாங்கம் நியாயவிலை நிர்ணயித்திருக்கிறது. பதிவு இலாகாவின் இணையதளத்தில் அதைப் பார்க்கலாம். அது சந்தை விலை அன்று. ஆயினும் தெருவுக்குத் தெரு உள்ள ஏற்றத்தாழ்வை அது காட்டும். மேலும், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, உரிய கட்டணம் செலுத்தினால் அண்டை வீடுகளின் கிரயப் பத்திர நகலை யாரும் பெறலாம். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் இருப்பதால், அண்மையில் வாங்கியவரையும் நேரில் விசாரிப்பது நலம். சென்ட் ஒன்றுக்கு, அதாவது 435.6 சதுர அடிக்கு, என்ன விலை என்று பிரித்துப் பார்த்தால் மயக்கம் தெளியும்.

அடுத்து, கையிருப்புக் கணக்கு. கேரளத்தில் முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக விலையில் பத்தில் ஒரு பங்கு தனியே வேண்டும். பாங்கியோ நாம் ஒப்புக்கொண்ட விலையைப் பார்த்துக் கடன் தருவதில்லை. தன் மதிப்பீட்டையே பார்க்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் 80 சதவீதமே உச்ச வரம்பு என்பது ரிசர்வ் பாங்கியின் விதி.

உதாரணமாக, பாங்கி 52 லட்சம் என்று மதிப்பிட்ட வீட்டைப் போட்டியில் 60 லட்சத்துக்குப் பேசிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடன் 41 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கிடைக்காது. மீதி 18 லட்சத்து 40 ஆயிரமும், பத்திரச் செலவு 6 லட்சமும் கையிலிருந்து போக வேண்டும். மதிப்பிட்ட விலைக்கே வாங்கியிருந்தால் 15 லட்சத்து 60 ஆயிரம் போதும். 8 லட்சத்து 80 ஆயிரம் ரொக்கம் அதிகம் வேண்டியிருக்கிறது! சிறு தொகை என்று எண்ணிக் கூடுதலாக 5 லட்சம் கடன் வாங்கினாலும், எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் கட்ட நேரும்.

"டெக்னோபார்க் இருக்கிறது, விழிஞ்ஞம் துறைமுகம் திறந்துவிட்டது, விலை இனி ஏறத்தான் செய்யும்" என்று தரகர் கூறுவார். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கும் 2025 மே மாதம் திறந்த துறைமுகமும் ஊருக்குப் பெருமையே. ஆனால் பழவங்காடிச் சந்தில் உள்ள மூன்று சென்ட் பழைய வீட்டுக்கு அவற்றால் என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும். "வேறு பார்ட்டி நாளைக் காலை அட்வான்ஸோடு வருகிறது" என்றும் கூறுவார். வரட்டும் என்று விட்டுவிடும் திடமே விலையைக் குறைக்கும் முதற் கருவி.

வீட்டை வெயிலில் மட்டும் பார்த்தல் தகாது. தம்பானூர், கிழக்கே கோட்டை, பழவங்காடி ஆகியவை மழையில் நீர் தேங்கும் இடங்கள் என்பது யாவரும் அறிந்ததே. அக்காரணத்தால்தான் 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் இங்குள்ள ஓடைகளைத் தூர்வாரினர். இடவப்பாதியிலோ துலாவர்ஷத்திலோ ஒருநாள் மழைக்குப் பின் சென்று சுவரில் ஈரக் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அக்கிரகார வீடாயின் பொதுச் சுவர் யாருக்கு உரியது என்று கேளுங்கள். கோட்டையை ஒட்டிய பகுதியில் இடித்துக் கட்டவும் உயர்த்திக் கட்டவும் அனுமதி கிடைக்குமா என்று மாநகராட்சியில் விசாரியுங்கள். காணும் ஒவ்வொரு குறைக்கும் செலவு போட்டு, அதனை எல்லை விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

முன்னாதாரங்கள், வில்லங்கச் சான்று, வில்லேஜ் ஆபீஸ் கரம் தீர்த்த ரசீது ஆகியவற்றை வக்கீல் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை பெருந்தொகை முன்பணமாகக் கொடுக்கலாகாது. கொடுப்பதையும் பாங்கி மூலமே கொடுத்து, பாங்கிக் கடன் கிடைக்காவிடில் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது உத்தமம். கட்டிவரும் அடுக்குமாடியாயின், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுவோர் வாங்கக் கூடாது என்பதை நினைவில் கொள்க.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீடு தேடப் புறப்படுவது நம் வழக்கம், அது நல்லதே. தடைகளை அவர் நீக்குவார். கணக்கை நாமே போட வேண்டும். எழுதி வைத்த எல்லையைப் போட்டி தாண்டுமாயின், அந்த வீட்டை மற்றவருக்கு மகிழ்ச்சியுடன் விட்டுவிடுவோம். வாடகை வீட்டில் இன்னும் ஓராண்டு இருப்பதால் எந்தக் குடும்பமும் நொடிந்து போவதில்லை. தாங்காத கடனால் நொடிந்த குடும்பங்கள் உண்டு.